வாசற்படியில் நிற்கும் சட்டம்

நமது தெருவில், திண்ணை இடிந்த ஒரு சிறு வீட்டின் முன்னறையில், ஒரு முச்சக்கர வண்டி நிற்கிறது. கையால் சுழற்றி ஓட்டும் வண்டி. பின்புறத்தில் அரசு முத்திரை இன்னும் அழியவில்லை. வண்டிக்குரியவர் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு இரு கால்களும் சூம்பியவர். இன்று நாற்பத்தைந்து வயதைக் கடந்து, கைத்தையல் இயந்திரத்தில் தலையணை உறையும் பாவாடையும் தைத்துத் தாயையும் தம்மையும் காப்பாற்றி வருபவர். அந்த வண்டியின் இருக்கையில் இப்பொழுது தைக்க வந்த துணி மூட்டைகள் அமர்ந்திருக்கின்றன.

வண்டி வந்த ஆண்டில் அவர் யார் தயவுமின்றிக் கடைத்தெருவுக்குப் போய் நூலும் ஊசியும் வாங்கி வந்தார். ஜும்ஆ நாளில் பாங்கு சொல்லுமுன்பே வந்து, பள்ளிவாசல் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்து, “ஹஜ்ரத், இன்றைக்கு உங்களை முந்திவிட்டேன்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தெருவுக்குச் சாலை போட வந்தார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து, மீண்டும் கொட்டினார்கள். பிறகு ஓரத்தில் சாக்கடை கட்டி, அதன் மேல் சாலையைவிட அரையடி உயரத்தில் சிமெண்டு மூடிகளைப் பாவினார்கள். வீடு பள்ளத்தில் போயிற்று. தெரு மேட்டில் ஏறிற்று. முன்னறைக்குள் சென்ற வண்டி அதன் பின் வெளியே வரவில்லை. அவரை வெளியே கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். வண்டியைக் கொண்டுவர இன்னும் இரண்டு பேர் வேண்டும். நால்வரைத் தேடிப் பிடித்து நூல்கண்டு வாங்கப் போகிறவர் உலகில் உண்டா?

ஊர் நிர்வாகத்துக்கு மனு எழுதினோம். எழுதியது நாம், கையொப்பம் அவருடையது. பதில் வந்தது, அதுவும் நாற்பது நாட்களுக்குள் வந்தது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். “தங்கள் கோரிக்கை தொடர்பாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும்” என்பதே அப்பதில்.

தெரு யாருடையது? சாக்கடை யாருடையது? தாரைக் கொட்டிய ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் தொகை வழங்கியது யார்? இவையனைத்தும் ஊர் நிர்வாகத்தினுடையவை. ஆனால் அந்தத் தெருவில் நடக்க இயலாதவர் ஒருவர் மனுக் கொடுத்தவுடன், தெரு மறைந்துவிடுகிறது. அவருடைய கால்கள் மட்டுமே அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிகின்றன. கால்களுக்கு வேறொரு துறை இருக்கிறதாம்! இந்த ஒரு வரிப் பதிலில்தான் நாம் இக்கட்டுரையில் எதிர்த்துப் பேசப் புகும் தவறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

உதவித் தொகை, அடையாள அட்டை, செயற்கை உறுப்பு, வண்டி ஆகியவற்றை நலத்துறை வழங்குகிறது, வழங்கட்டும். ஆனால் மனிதன் உதவித் தொகைக்குள் வாழ்வதில்லை, ஊருக்குள் வாழ்கிறான். காலையில் எழுந்தால் அவன் கால் வைக்கும் தெரு, இரவில் அவனுக்கு வழிகாட்டும் விளக்கு, சந்தை, பேருந்து நிலையம், பொதுக் கழிப்பிடம், பூங்கா, பிறப்புச் சான்று வாங்கும் சன்னல், வரி கட்டும் மேசை, இறுதியில் அவனைத் தூக்கிச் செல்லும் மையவாடிப் பாதை வரை உள்ளாட்சியின் ஆளுகைக்கு உட்பட்டவை. டிசம்பர் 3 ஆம் நாள் விழாவில் வண்டி கொடுப்பது ஒரு நாள் வேலை. அந்த வண்டி மற்ற 364 நாட்களும் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது உள்ளாட்சி மன்றமே. விழா மேடைக்கும் படிகள்தாம் இருந்தன என்பதையும், வண்டி பெறவந்தவர்கள் கீழே வரிசையில் நிறுத்தப்பட்டுப் படமெடுக்கப்பட்டார்கள் என்பதையும் நாம் நேரில் கண்டோம். அதை விரித்துரைக்க விரும்பவில்லை.

“இவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்காக ஊரையே இடித்துக் கட்டுவதா?” என்று கேட்போர் உளர். கேட்போர் ஆட்சியாளர் மட்டுமல்லர். நம் ஜமாஅத்துப் பெரியவர்களும் கேட்கிறார்கள். 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர். இதுவும் குறைந்த கணக்கே. அன்று நடைமுறையில் இருந்த 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றுக்கொண்டிருந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. புறநானூற்றுப் புலவர் ஒருவர் எட்டு வகை எண்ணியிருக்கிறார். நமது பழைய சட்டம் அவரைக் காட்டிலும் ஒன்று குறைத்து எண்ணிற்று என்பது தமிழ் கற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இக்கணக்கில் மூட்டு வலியால் படியேற முடியாத நம் தாய்மார்களும், பக்கவாதம் கண்ட நம் தந்தையரும் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. எண்பது வயது வரை வாழ வேண்டுமென்று துஆச் செய்கிறோம்; எண்பது வயதில் ஏற வேண்டிய படிகளைப் பற்றி நாம் எண்ணுவதில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. அலுவலகப் பொறுப்பாளர் ஒருவர் நம்மிடமே கூறினார்: “நாங்கள் சாய்தளம் கட்டி என்ன பயன், ஹஜ்ரத்? இந்த அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒருவரும் வருவதே இல்லையே!” அவருடைய அலுவலகம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை. கிணற்றை மூடிவிட்டு, இவ்வூரார் தண்ணீர் இறைப்பதே இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு ஏதேனும் இருந்தால் அறிந்தவர்கள் நமக்குச் சொல்லட்டும்.

அடுத்த வாதம் சட்டம் போதாது என்பது. போதாமை சட்டத்தில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 44 ஆவது பிரிவை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துடன் எந்த நிறுவனத்துக்கும் கட்டடம் கட்ட அனுமதி வழங்கலாகாது. அவ்விதிகளைக் கடைப்பிடிக்காத கட்டடத்துக்கு முடிவுச் சான்றோ, குடிபுகும் அனுமதியோ வழங்கலாகாது. இதுவே அப்பிரிவின் சாரம். நிறுவனம் என்பதில் அரசும் அடங்கும். தனியார் கம்பெனியும் அடங்கும். சங்கமும் அறக்கட்டளையும் அடங்கும். மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை தண்டம். மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 இலட்சம் வரை.

பழைய பொதுக் கட்டடங்களுக்கும் அச்சட்டம் தவணை கொடுத்தது: விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூனில்; தவணை முடிந்தது 2022 ஜூனில். தவணை முடிந்த கடனைக் கடன்காரன் கேட்காமல் விடுவானா? இங்கே கடன் கொடுத்தவர்கள் மாடிப்படியின் கீழே காத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது மேலே எட்டுவதில்லை. 2024 நவம்பர் 8 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இவ்விதிகளில் ஒன்று வெறும் வழிகாட்டுதலாகவே நின்றுவிட்டதைக் கண்டித்து, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட வேண்டி வந்தது. “முடிந்தால் செய்யுங்கள்” என்று எழுதப்பட்ட கடமை எவரையும் கட்டுப்படுத்துவதில்லை என்பது பிக்ஹு ஓதும் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். பர்ளு வேறு, முஸ்தஹப்பு வேறு.

ஆக, அனுமதி முத்திரை உள்ளாட்சியின் மேசையில் இருக்கிறது. பெருங்கட்டடங்களுக்கு நகரமைப்புத் துறையின் ஒப்புதல் தேவைப்படலாம். நம் ஊர்களில் எழும் கடை, திருமண மண்டபம், சிறு மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வரைபடம் ஊர் நிர்வாகத்தின் கண்ணில் படாமல் எழுவதில்லை. ஒரு சட்டமும் புதிதாக வேண்டாம். ஒரு ரூபாயும் வேண்டாம். “சாய்தளம் எங்கே? காட்டுங்கள், பிறகு முத்திரை” என்று கூறும் வாய் ஒன்று போதும்.

சாய்தளம் என்றோம். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஏமாற்று வித்தையையும் சொல்லியாக வேண்டும். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. ஐந்து படி உயரமுள்ள வாசலென்றால், படிக்கு அரையடி வைத்தால், இரண்டரை அடி. முப்பது அடி நீளப் பாதை. நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம், இருபுறமும் கைப்பிடி, வழுக்காத தரை. நம் அலுவலக வாசல்களில் இருப்பதென்ன? படிகளின் ஒரு மூலையில், சிமெண்டைக் கரைத்து ஊற்றிய ஒரு சறுக்கு. மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்ற உதவும். தண்ணீர்க் குடத்தை உருட்டி இறக்க உதவும். சக்கர நாற்காலியில் ஒருவரை அதன் மேல் ஏற்றினால், பின்னால் தள்ளுபவரோடு சேர்த்துக் கீழே வருவார். அச்சறுக்கின் அடிவாரத்தில் பூச்செடித் தொட்டி வைத்திருந்த ஓர் அலுவலகத்தையும் கண்டோம். தணிக்கையில் “சாய்தளம்: உண்டு” என்று எழுதியாயிற்று. தொட்டியில் செம்பருத்தி பூத்திருந்தது.

அளவு தெரியவில்லை என்று கூறவும் இடமில்லை. 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. சாலையைப் பற்றியும் அப்படியே. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று 2021 இல் மாநிலத் தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை விட்டார். அது மழைநீர் வீட்டுக்குள் புகாமலிருக்க எழுதப்பட்டது. நம் தையல்காரரின் வண்டியை அது நினைத்துப் பார்த்திராது. ஆயினும் அதைக் கடைப்பிடித்திருந்தாலே வண்டி ஓடியிருக்கும்.

பணமில்லை என்பார்கள். கட்டும்போதே சேர்த்துக் கட்டும் சாய்தளம் மொத்தச் செலவில் மிகச் சிறு பங்கே. கட்டி முடித்த பின் இடித்துச் சேர்ப்பதுதான் செலவு. சாலைக்கு ஒதுக்கிய பணத்திலேயே சாலை ஒழுங்காகப் போடப்படுகிறதா என்பதே கேள்வி. மனமிருந்தால் உள்ளாட்சி என்ன செய்ய வல்லது என்பதற்குச் சென்னை மெரினாவைப் பார்க்கலாம். கடலை அருகில் சென்று காண வேண்டும் என்பது அங்கே மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலம் விடுத்த கோரிக்கை. ஆண்டில் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டுக் கொடுத்து வந்த மாநகராட்சி, 2022 நவம்பர் 27 இல் நிரந்தர மரப்பாதையைத் திறந்தது. மணலின் மேல் சக்கர நாற்காலிகள் சென்றன. நரைத்த தலைகள் பல முதன்முறையாக அலையைத் தொட்டன. இரண்டு வாரம் முடியுமுன் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்தது. “பார்த்தீர்களா, வீண் செலவு!” என்று நகைத்தவர்கள் இருந்தார்கள். அதே புயல் சாய்த்த விளக்குக் கம்பங்களைப் பார்த்து, ஊருக்கு விளக்கே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை! மாநகராட்சி பாதையைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தது. கடற்கரைக்குப் பாதை போட முடிந்த மாநிலத்தில் கடைத்தெருவுக்குப் பாதை போட முடியாதா?

இனி, மன்றத்துக்குள் யார் அமர்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 12,838 வார்டு இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களில் இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர் மட்டுமே என்று பின்னர் சட்டமன்றத்திலேயே கூறப்பட்டது. இக்குறையை நீக்க 2025 ஏப்ரலில் இரு சட்டத் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. நகர்ப்புற மன்றங்களிலும், 12,500 க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளிலும், ஊராட்சி ஒன்றியங்களிலும், மாவட்ட ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் ஏற்பாடு அது. வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம். எனினும் 2019 இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊரக மன்றங்களின் பதவிக்காலம் அதே ஆண்டு ஜனவரி 5 ஆம் நாளுடன் முடிந்து, தனி அலுவலர்களின் நிர்வாகம் தொடங்கியிருந்தது. மன்றமே இல்லாத வேளையில் மன்றத்தில் நாற்காலி போடும் சட்டம் வந்தது.

நாற்காலி போட்டால் போதுமா? அது மாடியில் போடப்பட்டால் யார் ஏறி அமர்வது? பார்வையற்ற உறுப்பினருக்குக் கூட்டப் பொருள் நிரல் எந்த வடிவில் கொடுக்கப்படும்? செவித்திறன் அற்ற உறுப்பினருக்கு வரவுசெலவுத் திட்ட விவாதத்தைச் சைகை மொழியில் எடுத்துரைப்பவர் யார்? ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்பட வேண்டிய கிராம சபையில் இதுவரை எத்தனை ஊர்களில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றிருக்கிறார்? நியமனம் பெறுபவர் தம்மை நியமித்தவர்களைக் கேள்வி கேட்பாரா, அல்லது டிசம்பர் 3 விழாவுக்கு மாலை வாங்கிக் கொண்டு வருவாரா? நாம் ஐயுறுவது அவர்களை அன்று. அவர்களை அலங்காரப் பொருளாக்கத் துடிக்கும் மற்றவர்களை. சாலை மதிப்பீடு, கட்டட அனுமதி ஆகிய இரண்டும் அவ்வுறுப்பினரின் பார்வைக்கு வைக்கப்பட்ட பின்னரே மன்றத்தின் முன் வர வேண்டும் என்று ஒவ்வொரு மன்றமும் தீர்மானம் இயற்றட்டும். அப்பொழுது நம்புவோம்.

“பார்வையற்றவர் நிர்வாகம் செய்வதெங்ஙனம்?” என்று நம்மவர் ஒருவர் வியந்து கேட்டார். அவருக்கு மறுமொழி கூற அயல்நாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில், நகரின் பொறுப்பைப் பார்வையற்ற தோழரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் ஒரு முறைக்கு மேல் ஒப்படைத்துச் சென்றார்கள் என்பது சீறா நூல்கள் கூறும் செய்தி. பாங்கு சொல்லும் பணியும் அவரிடம் இருந்தது. இரக்கத்தால் கொடுத்த பதவி அன்று அது. ஊரை ஒப்படைக்கும் நம்பிக்கை. வருடந்தோறும் மீலாது மேடைகளில் நாம் இவ்வரலாற்றைச் சொல்கிறோம். சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குகிறோம். மேடைக்குப் படிகள்தாம்.

இவ்வளவும் பிறரைச் சாடி எழுதிய கை, இனி நம் வீட்டையும் சுட்டிக்காட்ட வேண்டும். 44 ஆவது பிரிவு அறக்கட்டளையையும் கட்டுப்படுத்தும் என்றோமல்லவா? நம் மதரஸாவின் புதிய கட்டடம் அச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் எழுந்தது. வாசலில் ஐந்து படிகள். ஹவுளுக்கு இறங்க மூன்று படிகள். நிக்காஹ் மண்டபம் மாடியில். கீழ்த்தளம் வாடகைக்குக் கடைகள். வரைபடத்தில் ஒரு சாய்தளம் இருந்தது. வரைந்தவர் சட்டத்துக்காக வரைந்தார்; கட்டும்போது, “வாசல் அழகு கெட்டுவிடும்; ஒரு கடையின் இடம் போய்விடும்” என்று கமிட்டியில் பேசப்பட்டது. நாமும் அக்கமிட்டியில் இருந்தோம். வாய் திறக்கவில்லை. கட்டி முடித்தபின் நிர்வாகத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் தேநீர் அருந்தினார்கள், படிகளில் ஏறி இறங்கினார்கள், சான்று கொடுத்தார்கள். ஒருவரும் சாய்தளத்தைக் கேட்கவில்லை. அன்று அவர்களுடைய அந்த மௌனம் நமக்கு வசதியாக இருந்தது. நம் மாணவருக்கு வந்த ஒரு வரிப் பதிலைக் கண்டு சினந்தபோது, அந்தத் தேநீர் நினைவுக்கு வந்தது.

திறப்பு விழாவுக்கு அவரை அழைத்திருந்தோம். வந்தார். நால்வர் தூக்கி வந்து முதற்படியருகே அமர்த்தினார்கள். உள்ளே வரும்படி நாம் அழைத்தபோது, “இங்கேயே கேட்கிறது, ஹஜ்ரத், ஒலிபெருக்கி நன்றாக இருக்கிறது” என்றார். நாம் உள்ளே போய், கல்வி எல்லோருக்கும் கடமை என்ற பொருளில் முக்கால் மணி நேரம் பேசினோம்.

சென்ற மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தோம். முப்பது அடிப் பாதையை ஒரே நீட்டாகப் போட இடமில்லை. ஒரு முறை மடக்கிப் போடலாம் என்று கொத்தனார் அளந்து கூறினார். அதற்கு முதற் கடையின் முன்பகுதியில் நான்கடி எடுத்தாக வேண்டும். கொடையாளர் பெயர்கள் பொறித்த கல்லையும் இடம் மாற்ற வேண்டும். கடைக்காரர் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார். கொடையாளர்களில் இருவர், தம் தந்தையார் பெயர் வாசலில்தான் இருக்க வேண்டும் என்று வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயமானதே, கல்லைப் பாதையின் கைப்பிடிச் சுவரில் பதிக்கலாம் என்று கூறியிருக்கிறோம். இன்னும் இசையவில்லை. இதற்கிடையில் தெருவைப் பற்றிய இரண்டாவது மனுவையும் எழுதி முடித்துவிட்டோம். இம்முறை 44 ஆவது பிரிவையும், 2021 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் அதில் குறிப்பிட்டிருக்கிறோம். மனுவின் பிற்சேர்க்கையாக, நம் மதரஸாக் கட்டடத்துக்கு வழங்கப்பட்ட முடிவுச் சான்று எவ்வாறு வழங்கப்பட்டது என்று விளக்கம் கேட்கவும் செய்திருக்கிறோம். கமிட்டித் தலைவர் இதனைப் படித்துவிட்டு, “நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வதா, ஹஜ்ரத்?” என்றார். வரும் திங்கட்கிழமை மனுவை நேரில் கொடுக்க இருக்கிறோம். மாணவரும் உடன் வருவதாகக் கூறியிருக்கிறார். அவரைத் தூக்க நால்வர் தேவை. மூவர் இசைந்திருக்கிறார்கள்.